ஒளியாகிய அளவுகோல்

மனிதன் தனக்கென ஓர் உறைவிடம் அமைக்கத் தொடங்கிய நாள் முதலாக அளவையும் அவனுடன் வளர்ந்து வந்துள்ளது. முழக்கோல், நூல், தூக்குக்குண்டு, மூலைமட்டம் என்னும் எளிய கருவிகளைக் கொண்டே உலகின் மாபெருங் கட்டடங்கள் பல எழுந்தன. இக்கருவிகள் யாவற்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. எந்த இரு புள்ளிகளுக்கிடையே அளக்கவேண்டும் என்பதை அளப்பவன் முதலில் தீர்மானித்துக் கொள்கிறான். பின்னரே கோலை வைக்கிறான். தெரிவு முன், அளவு பின் என்பதே பழைய முறை. இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றிய கருவி ஒன்று இருபதாம் நூற்றாண்டின் இறுதியிற் பொறியியலாளர் கைக்கு வந்தது. அதுவே லேசர் வருடி எனப்படுவது. அஃது எங்ஙனம் அளக்கின்றது, அதன் அளவு எத்துணை நம்பத்தக்கது, அதனாற் கட்டடப் பணிக்கு விளைந்த பயன் யாது என்பன ஆராயத்தக்கன.

பழைய முறையின் அருமையை உணர்தற்குத் தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஒரு செய்தியே சாலும். வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலேயர், இந்தியாவின் பெரு முக்கோண அளவைக்கு அடிகோலியவர். அவர் 1802 ஆம் ஆண்டிற் சென்னைப் பரங்கிமலைக்கு அண்மையில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். அதன் பின்னர் நெடுந்தூரங்களைப் பெரும்பாலும் அவர் சங்கிலியால் அளக்கவில்லை. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் கோணங்களும் தெரியின் ஏனைப் பக்கங்களைக் கணக்கிட்டு அறியலாம் என்னும் கேத்திரகணித உண்மையைத் துணைக்கொண்டு, பெரும்பாலும் கோணங்களையே அளந்து சென்றார். அதற்கென அவர் கொண்டு சென்ற கோணமானி ஏறத்தாழ அரைத் தொன் நிறையுடையது. காவிரிச் சமவெளியிற் குன்றுகள் இல்லாமையாற் கோயிற் கோபுரங்களே அவருக்கு நோக்கு நிலையங்களாயின. 1808 ஆம் ஆண்டில் அக்கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்குக் கயிறு கட்டி ஏற்றுகையிற் கயிறு அறுந்தது; கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அதனைத் தம் கையாலேயே திருத்தியெடுக்க லாம்ப்டனுக்கு வாரங்கள் பல தேவைப்பட்டன. ஒரு புள்ளியின் இருப்பிடத்தை அறிதற்கு அத்துணை உழைப்பு வேண்டியிருந்தமையாலேயே, அளக்கவேண்டிய புள்ளிகள் சிலவாகவும் நன்கு தேர்ந்தெடுத்தனவாகவும் இருந்தன.

இந்நிலையை மாற்றியது ஒளி. 1960 ஆம் ஆண்டு மே மாதம் 16 ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தியடோர் மைமன் என்னும் பௌதிக அறிஞர், மாணிக்கப் பளிங்கொன்றைக் கொண்டு முதலாவது லேசரை இயக்கிக் காட்டினார். சாதாரண விளக்கின் ஒளி பல நிறங்கள் கலந்தது, எப்பக்கமும் பரவுவது. லேசர் ஒளியோ ஏறக்குறைய ஒரே அலைநீளமுடையது. மிகக் குறைவாகவே விரிந்து நெடுந்தூரம் செல்லவல்லது. அளவைக்கு வேண்டிய பண்புகளும் இவையே. எனினும் ஒரு கட்டடத்தின் முழு வடிவையும் லேசரால் அளக்கும் கருவி வணிகத்துக்கு வருவதற்கு மேலும் முப்பதாண்டுகளுக்கு மேல் சென்றன. ஈராக்கின் மோசுல் நகரிற் பிறந்து அமெரிக்காவிற் குடிசார் பொறியியலாளராகப் பணியாற்றிய பென் கசீரா என்பவர் நிறுவிய சைரா நிறுவனம், 1990களில் இத்துறையில் முன்னோடியாக விளங்கியது. பெருந் தொழிற்சாலைகளிற் பின்னிக் கிடக்கும் குழாய்களும் உருக்குச் சட்டங்களும் வரைபடத்தில் உள்ளவாறன்றி மெய்யாகவே எங்ஙனம் அமைந்துள்ளன என்பதை அறியவேண்டிய தேவையே இக்கருவியின் வளர்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று.

லேசர் வருடியின் அடிப்படை எளிதிற் புரிவதே. கருவி ஒரு திசையில் ஒளிக்கதிரைச் செலுத்துகின்றது. கதிர் சுவரிற் பட்டுத் தெறித்து, அதன் சிறு பகுதி கருவிக்கு மீள்கின்றது. ஒளி சென்று மீண்ட நேரத்தை அறியின், அதனை ஒளியின் வேகத்தாற் பெருக்கிப் பாதியாக்க, சுவரின் தூரம் கிடைக்கும். அதே கணத்தில் கதிர் எத்திசையிற் சென்றது என்பதைக் கிடைக்கோணம், நிலைக்கோணம் என்னும் இரண்டாற் கருவி குறித்துக் கொள்கின்றது. ஒரு தூரமும் இரு கோணங்களும் தெரிந்தால், அப்புள்ளி வெளியில் இருக்கும் இடத்தை மூன்று ஆள்கூறுகளால் உரைத்துவிடலாம். கருவியினுள் விரைந்து சுழலும் ஆடி ஒன்று கதிரை மேலுங் கீழுமாகத் திருப்ப, கருவியின் தலை கிடையாக மெல்லத் திரும்புகின்றது. இவ்வாறு சுற்றுப்புறம் முழுவதையும் கதிர் வருடிவிடுகின்றது. இன்றைய கருவிகளுட் சில ஒரு செக்கனிற் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை அளக்கவல்லன. இப்புள்ளிகளின் தொகுதி கணினித் திரையில் முகில்போற் காட்சியளித்தலிற் புள்ளிமுகில் எனப்பெயர் பெற்றது.

சொல்வதற்கு எளிதாயினும் செய்வதற்கு இஃது எளிதன்று. ஒளி ஒரு செக்கனில் 299,792,458 மீற்றர் செல்வது. 30 மீற்றர் தூரத்திலுள்ள சுவருக்குச் சென்று மீள அதற்கு வேண்டிய நேரம் ஒரு செக்கனின் 50 இலட்சத்தில் ஒரு பங்கே. தூரத்தை ஒரு மில்லிமீற்றர் அளவுக்குச் சரியாக அறியவேண்டுமெனின், ஒரு செக்கனின் 15,000 கோடியில் ஒரு பங்கான நேர வேறுபாட்டைக் கருவி உணர்தல் வேண்டும். இவ்விடர்ப்பாட்டை வெல்ல இரு வழிகள் கையாளப்படுகின்றன. ஒன்று, ஒளியைத் துடிப்புத் துடிப்பாகச் செலுத்தி அதன் பயண நேரத்தை நேரே அளத்தல். இது நெடுந்தூரத்துக்கு ஏற்றது. மற்றையது, ஒளியின் செறிவை அலைபோல் ஏறி இறங்கச் செய்து, சென்ற அலைக்கும் மீண்ட அலைக்கும் இடையேயுள்ள அவத்தை வேறுபாட்டை அளத்தல்.

இரண்டாவது முறையை விளக்கக் கடிகாரம் ஒன்றை உவமையாகக் கொள்ளலாம். நிமிட முள் நுட்பமாக நேரம் காட்டும். ஆயினும் எத்தனையாவது மணி என்று அது கூறாது. மணி முள் அதனைக் கூறும். ஆனால் நிமிடங்களை நுட்பமாகக் காட்டாது. செறிவு ஒரு செக்கனிற் 10 கோடி முறை ஏறி இறங்குமாயின் அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீற்றர். ஒளி சென்று மீள்வதால், ஒவ்வொரு ஒன்றரை மீற்றருக்கும் ஒரே அவத்தை திரும்பவும் தோன்றும். அந்த ஒன்றரை மீற்றரை ஆயிரங் கூறாக்கி அறியின் ஒன்றரை மில்லிமீற்றர் நுட்பம் கிட்டும். ஆனால் அஃது எத்தனையாவது ஒன்றரை மீற்றர் என்பது தெரியாது. ஆதலால் மீடிறன் குறைந்த, நீண்ட அலை ஒன்றும் உடன் செலுத்தப்படுகின்றது. நீண்ட அலை மணி முள்ளாகவும் குறுகிய அலை நிமிட முள்ளாகவும் நின்று உதவுகின்றன.

கருவி ஓரிடத்தில் நின்று பார்க்கும்போது, அதன் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பை மட்டுமே அளக்கும். தூணின் மறுபக்கம் அதற்கு இருளே. ஆதலின் ஒரு கட்டடத்தை முழுமையாக அளத்தற்குக் கருவியைப் பல நிலையங்களில் மாறி மாறி நிறுத்தவேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் கிடைக்கும் புள்ளிமுகிலை ஏனையவற்றோடு பொருத்தி ஒன்றாக்கவேண்டும். இரு நிலையங்களிலிருந்தும் தெரியும் வெண்கோளங்களோ கறுப்பு வெள்ளைக் கட்டங்களிட்ட அட்டைகளோ இப்பொருத்துதலுக்கு அடையாளங்களாகின்றன. இதுவே பணியின் உயிர்நிலை. பலரும் கருவியின் விளம்பரத் தாளிற் காணப்படும் நுட்பத்தையே அளவின் நுட்பமாக மயங்குகின்றனர். மெய்யான நுட்பம் கருவியினால் மட்டும் வருவதன்று. நிலையங்களைப் பிணைத்த முறையினாலும் வருவது.

எடுத்துக்காட்டாக, ஒரு நீண்ட சுரங்கப்பாதையை ஐம்பது பிணைப்புகளால் அளப்பதாகக் கொள்ளலாம். ஒவ்வொரு பிணைப்பிலும் 2 மில்லிமீற்றர் வழு நேர்கின்றது. அவ்வழுக்கள் அங்குமிங்குமாக எழுமாற்றாய் விழுமாயின், ஒன்றையொன்று ஓரளவு சரிசெய்ய, இறுதியில் ஏறத்தாழ 14 மில்லிமீற்றர் வழுவே எதிர்பார்க்கத்தக்கது. அவை யாவும் ஒரே பக்கமாக விழுமாயின் இறுதியில் 100 மில்லிமீற்றர் வழு நேரும். பிணைப்பிற் கோண வழுவும் சேருமாயின் நிலைமை இதனினுங் கேடாகும். ஒவ்வொரு நிலையத்தையும் அதன் அயல் நிலையத்தோடு மட்டும் பிணைத்துச் செல்லும்போது இவ்வாபத்து மிகும். இதனைத் தவிர்க்கும் வழி லாம்ப்டன் காலத்து வழியே. முதலிற் கோணமும் தூரமும் அளக்கும் நுண்கருவியாற் சில நிலைத்த புள்ளிகளைக் கவனமாக நிறுவி, ஒன்றையொன்று சரிபார்த்து, ஒரு கட்டுப்பாட்டு வலையை அமைத்தல் வேண்டும். பின்னர் எல்லா முகில்களையும் அவ்வலையோடு பிணைத்தல் வேண்டும். முழுமையிலிருந்து பகுதிக்குச் செல்க என்னும் நில அளவையாளரின் பழைய விதி புதிய கருவி வந்தமையால் மாறிவிடவில்லை.

புள்ளிகள் மிகுதியாக இருத்தலால் அளவு செம்மையாக இருக்கும் எனக் கருதுதலும் தவறு. தட்டையான சுவரொன்றிற் பட்ட நூறு புள்ளிகள் ஒவ்வொன்றும் எழுமாற்றாக 2 மில்லிமீற்றர் முன்பின்னாக இருப்பின், அவற்றின் சராசரி அச்சுவரின் இடத்தை 0.2 மில்லிமீற்றர் அளவுக்கு உணர்த்தும். இது பெருந்தொகையால் வரும் நன்மை. ஆனால் முகில் முழுவதும் 5 மில்லிமீற்றர் விலகிப் பொருத்தப்பட்டிருப்பின், நூறு புள்ளியன்று, நூறு கோடிப் புள்ளிகளை எடுத்தாலும் அந்த 5 மில்லிமீற்றர் அவ்வாறே நிற்கும். எழுமாற்று வழு எண்ணிக்கையாற் குறையும். முறைமையான வழு எண்ணிக்கையாற் குறையாது. விஞ்ஞான மாணவர் ஆய்வுகூடத்திற் கற்கும் இப்பாடம், கட்டடப் பணியிற் பெரும் பொருளிழப்பைத் தவிர்க்கவல்லது.

அளக்கப்படும் பொருளின் இயல்பும் கருதத்தக்கது. மங்கலான வெண்சுவர் ஒளியை நன்கு சிதறி மீள விடும். கண்ணாடி ஒளியைத் தன்னூடே செல்ல விடும். பளபளப்பான உலோகம் ஒளியை வேறு திசைக்குத் திருப்பும். கரிய பொருள் விழுங்கும். நீர் தேங்கிய தரை பொய்யான ஆழங் காட்டும். கதிர் ஒரு விளிம்பிற் படும்போது, அதன் பாதி விளிம்பிலும் மீதி பின்னுள்ள சுவரிலும் பட, இரண்டுக்கும் இடையே இல்லாத புள்ளி ஒன்று தோன்றும். கோண அளவிற் பத்து விகலை வழு இருப்பின் 50 மீற்றர் தூரத்தில் அது ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றராகப் பெருகும். இவற்றை அறிந்து பொய்ப் புள்ளிகளைக் களைபவன் மனிதனே. மேலும் லேசர் பொருளின் தோலை அளக்குமேயன்றி உள்ளீட்டை அளப்பதன்று. கொங்கிறீற்றினுள் இருக்கும் உருக்குக் கம்பிகளின் இடத்தை அறியவேண்டின், கொங்கிறீற்று வார்க்குமுன் வருடிக் கொள்ளுதல் வேண்டும்.

இக்குறைகளை அறிந்து கையாள்வோர்க்கு இக்கருவி தரும் பயன் பெரிது. சுரங்கம் அகழ்ந்தபின் அதனை வருடி, வரைபடத்திலுள்ள வடிவத்தோடு ஒப்பிட்டால், பாறை எங்கே உள்நீண்டு நிற்கின்றது, எங்கே வேண்டியதன் மேலும் அகழப்பட்டுள்ளது என்பன ஒரே பார்வையிற் புலனாகும். கொங்கிறீற்றுப் பூச்சுக்கு முன்னும் பின்னும் வருடினால், இரண்டின் வேறுபாடே பூச்சின் தடிப்பு. ஆயினும் 50 மில்லிமீற்றர் தடிப்புள்ள பூச்சை அறிய முயலுங்கால் இரு முகில்களையும் பொருத்தியதில் 10 மில்லிமீற்றர் வழு இருப்பின், விடையில் ஐந்திலொரு பங்கு ஐயத்துக்குரியதாகும். அப்பூச்சின் கீழ் நடமாடுவோரின் உயிர்ப் பாதுகாப்பு அந்த ஐந்திலொரு பங்கில் அடங்கியிருக்கலாம். தொழிற்சாலையிற் செய்து கொண்டுவரப்படும் உருக்குச் சட்டம், களத்திலுள்ள பழைய சுவரிற் பொருந்துமா என்பதையும் முன்னரே கணினியிற் பொருத்திப் பார்த்துவிடலாம். பொருந்தாத சட்டத்தைக் களத்தில் வெட்டி ஒட்டுவதினும், பொருந்துமாறு முன்னரே செய்தல் செலவிலுங் காலத்திலும் சிக்கனமானது.

இவை யாவும் அளக்கும்போதே கருதப்பட்ட பயன்கள். கருதாத பயன் ஒன்று பாரிசு மாநகரில் விளைந்தது. அந்நகரின் நோத்திரதாம் பேராலயத்தின் கட்டட வேலை 1163 ஆம் ஆண்டளவில் தொடங்கிற்று. அமெரிக்காவின் வசார் கல்லூரியைச் சேர்ந்த கலை வரலாற்று ஆசிரியர் அன்ட்ரூ டாலன், அப்பேராலயத்தை 2010 ஆம் ஆண்டில் லேசராற் வருடினார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் பிளேயர் அவருக்குத் துணை நின்றார். ஐம்பதுக்கும் மேற்பட்ட நிலையங்களிலிருந்து நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் திரட்டப்பட்டன. டாலன் தேடியது, இடைக்காலச் சிற்பிகள் எவ்வாறு கட்டினர் என்னும் வினாவுக்கு விடை. வெறுங் கண்ணுக்கு ஒழுங்காகத் தோன்றும் தூண்கள் மெய்யாகவே ஒரே கோட்டில் இல்லை என்பது போன்ற உண்மைகளை அப்புள்ளிகள் அவருக்கு உரைத்தன. அவர் 2018 ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்திற் காலமானார்.

ஐந்து மாதங்கள் செல்ல, 2019 ஆம் ஆண்டு ஏப்பிரில் 15 ஆம் நாள் மாலை பேராலயம் தீப்பற்றியது. ஓக்கு மரங்களாலாய பழைய கூரைச் சட்டகம் எரிந்தழிந்தது; பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கட்டப்பட்ட கூர்ங்கோபுரம் வீழ்ந்தது; கல்லாலான வளைவுக் கூரையின் பகுதிகள் இடிந்தன. டாலன் ஆராய்ச்சிக்கென எடுத்த அளவு, ஒரே இரவில், இனி எவராலும் எடுக்கவொண்ணாத அளவாயிற்று. தீக்குப் பின்னரும் கட்டடம் வருடப்பட்டது. முன்னைய அளவுகளோடு பின்னையவற்றை ஒப்பிட்டு ஆராய்தல் அறிஞர்க்குக் கைகூடிற்று.

இவ்விடத்து மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. எரிந்த கூரைச் சட்டகத்தை ரெமி புரோமோன், செத்ரிக் திராந்தசோ என்னும் பிரான்சியக் கட்டடக் கலைஞர் இருவர் 2014 ஆம் ஆண்டிற் கையால் அளந்து வரைந்து வைத்திருந்தனர். மரத்துண்டு ஒவ்வொன்றும் மற்றொன்றோடு எங்ஙனம் பிணைக்கப்பட்டது என்பதை அருகிருந்து நோக்கி எழுதிய வரைபடங்கள் அவை. மீளக் கட்டும் பணிக்கு அவ்வரைபடங்கள் பேருதவி புரிந்தன. தச்சர் கோடரியால் ஓக்கு மரங்களைச் செதுக்கிப் பழைய முறையிலேயே சட்டகத்தை மீட்டெடுத்தனர். 2024 ஆம் ஆண்டு டிசெம்பர் 7 ஆம் நாள் பேராலயம் மீளத் திறக்கப்பட்டது. லேசர் வடிவத்தைத் தந்தது. கையளவு அமைப்பின் பொருளைத் தந்தது. ஒன்று மற்றதற்குப் பகையன்று; துணையே.

இவ்வனுபவத்திலிருந்து பெறப்படும் உண்மை தெளிவானது. பழைய முறையில், தெரிவு செய்யாத புள்ளி அளக்கப்படாமலே போயிற்று. புதிய முறையில் எல்லாவற்றையும் முதலில் அளந்து, வேண்டியதைப் பின்னர் தெரிவு செய்யலாம். இன்று எவரும் கேட்காத வினாவுக்கும் நாளை அதில் விடை கிட்டலாம். ஆதலின் இடுக்கண் வருமுன்னரே அளந்து வைத்தல் அறிவுடைமை. 2001 ஆம் ஆண்டில் ஆப்கானித்தானத்துப் பாமியன் புத்தர் சிலைகள் தகர்க்கப்பட்டதைக் கண்டு வருந்திய கசீராவும் அவர் துணைவியாரும், 2003 ஆம் ஆண்டில் உலகின் மரபுச் சின்னங்களை வருடிப் பேணும் சைஆர்க் என்னும் அமைப்பை நிறுவியமைக்கும் இவ்வெண்ணமே காரணம்.

அளந்து வைத்தலோடு கடமை முடிந்துவிடுவதில்லை. லாம்ப்டன் காலத்தில் தாளில் வரைந்த படத்தைக் கண்ணுடையார் எவரும் இன்றும் படிக்கலாம். புள்ளிமுகிலைப் படிக்கக் கணினி வேண்டும். அதற்கேற்ற மென்பொருள் வேண்டும். கட்டுப்பாட்டுப் புள்ளிகள் எவை, எந்நாளில் எக்கருவியால் அளக்கப்பட்டது, வழு எவ்வளவு என்னும் குறிப்புகளும் உடன் வேண்டும். இக்குறிப்புகள் இல்லாத முகில், எழுதியவன் பெயருந் திகதியும் இல்லாத பட்டயம் போன்றது. பார்வைக்கு அழகாய் இருக்கும்; சான்றாக நில்லாது.

கோல் மரத்திலிருந்து சங்கிலிக்கும், சங்கிலியிலிருந்து ஒளிக்கும் மாறிவிட்டது. எனினும் எதனோடு ஒப்பிட்டு அளந்தாய், எத்துணை வழு உண்டு, எவ்வாறு சரிபார்த்தாய் என்னும் மூன்று வினாக்களும் மாறவில்லை. இவ்வினாக்களுக்கு விடை கூற வல்லவன் கையிற் பழைய முழக்கோலும் நம்பத்தக்கதே. விடை கூற மாட்டாதவன் கையில், நூறு கோடிப் புள்ளிகளும் வெறும் முகிலே.